பன்னிரண்டாவது ஆள்

மாத்தளை கொங்காவெலயில் கிரிக்கெட் தெரிந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவரோடு ஸெய்னுலாப்தீன் முதலாளிக்குப் பேச்சு இல்லை. ஆகவே பாகிஸ்தான் அணி தம் வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்கு வரப்போகிறது என்று தெரிந்தபோது, கிரிக்கெட்டைப் பற்றி அறிய வேண்டியதையெல்லாம் முதலாளி தாமே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதாகிவிட்டது.

அணி இலங்கைக்குச் சுற்றுப்பயணம் வந்திருந்தது. கண்டியில் நடக்கும் ஆட்டத்துக்கு நடுவில் ஒரு நாள் ஓய்வு. அன்று விடிகாலையில் ஆட்டக்காரர்களை பஸ்ஸில் ஏற்றிச் சீகிரியா மலைக்கோட்டையைக் காட்டுவது, திரும்பி வரும் வழியில் மாத்தளையில் ஒரு முஸ்லிம் வீட்டில் சாப்பாடு கொடுப்பது என்று ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர் கண்டி வியாபாரி ஸஹாப்தீன். முதலாளியிடம் மிளகும் சாதிக்காயும் வாங்குகிறவர். சாப்பாடு எந்த வீட்டில் என்பதை அவர் ரொம்ப நேரம் யோசித்திருக்க மாட்டார்.

"எத்தன பேரு வாராங்க?" என்று ஸெய்னுலாப்தீன் கேட்டார்.

"டீம்தான். பதினொரு பேரு. பன்னண்டாவது ஆளோட பன்னண்டு. மெனேஜர் ஆக்கள் எல்லாம் கார்ல வேற பக்கம் போறாங்க."

"பன்னண்டாவது ஆள் என்ன செய்வாரு?"

"ஒண்டும் செய்யமாட்டாரு. சும்மா கூட வருவாரு."

பன்னிரண்டு என்றதும் முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் சஹன். சஹன் என்பது பெரிய தாம்பாளம். அதில் சோற்றைக் கொட்டி, மேலே இறைச்சியும் கோழியும் வைத்து, மூடியைக் கவிழ்த்துப் பாயின் நடுவில் கொண்டுவந்து வைப்பார்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சோற்றில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை. மற்ற வீடுகளில் அவசரத்துக்கு ஐந்து பேரோடு மூடியைத் தூக்கிவிடுவதுண்டு. ஆறு கை கூடாமல் மூடியைத் தொடக் கூடாது என்பது ஸெய்னுலாப்தீனின் உம்மா வைத்துவிட்டுப் போன சட்டம். உம்மா மௌத்தாகி வெகுகாலமாகியும் அந்தச் சட்டத்தை யாரும் மாற்றத் துணியவில்லை.

பன்னிரண்டு பேர் என்றால் சரியாக இரண்டு சஹன். விளையாடாத ஒருவரை எதற்காகச் சாப்பாடு போட்டு ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்பதும் முதலாளிக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. பதினொரு பேர் போய் உட்கார்ந்தால் ஒரு சஹன் மூளியாக நிற்கும். அதற்காகத்தான் பன்னிரண்டாவது ஆள்.

"கிரிக்கெட்ட வெள்ளக்காரன்தான் கண்டுபிடிச்ச எண்டு சொல்றாங்க. எனக்கு நம்பிக்க இல்ல. நம்மட ஆக்கள் யாரோ அதுல சம்பந்தப்பட்டிரிக்கிறாங்க" என்று பள்ளிவாசலில் தொழுகைக்குமுன் கைகால் கழுவி வுளூ செய்துகொண்டே ஸக்கரியா ஹாஜியாரிடம் சொன்னார்.

ஸக்கரியா ஹாஜியார் ஊரில் பெரிய மனிதர். எந்த விருந்திலும் முதல் சஹனில் உட்காருகிறவர். மறுத்துச் சொல்ல அவரிடம் காரணம் எதுவும் இல்லாததால் ஒத்துக்கொண்டார். இரண்டு நாளில் இந்த ஆராய்ச்சி ஊர் முழுக்கப் பரவியது. வீதிக்கு எதிர்ப்புறம் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நுஹ்மான் இதைக் கேட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பும் வீதியைக் கடந்து முதலாளியின் காதுக்கு வந்து சேர்ந்தது.

நுஹ்மான்தான் கிரிக்கெட் தெரிந்த அந்த ஒரே மனிதர். ஸெய்னுலாப்தீனின் ஒரே தங்கை ஆஸியாவைக் கட்டியவர். சீமந்து மூட்டைகளுக்கும் ஆணிப் பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு ரேடியோவை வைத்துக்கொண்டு, எந்த நாட்டில் ஆட்டம் நடந்தாலும் நேர்முக வர்ணனை கேட்பார். பள்ளிக்கூடத்தில் ஏறாத இங்கிலீஷ் அவருக்கு ரேடியோவில் ஏறியது. அதனால் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் வர்ணனை இங்கிலீஷ்தான். நல்ல பந்து, கெட்ட பந்து, மழை, வெளிச்சம் இவற்றைப் பற்றித் தடங்கலில்லாமல் பேசுவார். தபாற்கந்தோரில் ஒரு முத்திரை வாங்க வேண்டுமென்றால் சிங்களத்துக்கு மாறிவிடுவார்.

சண்டை வந்தது முதலாளியின் மூத்த மகள் கல்யாணத்தில். மாப்பிள்ளை வீட்டார் சஹனில் ஐந்து பேர் உட்கார்ந்து ஆறாவது இடம் காலியாக இருந்தது. வீட்டு மருமகன் என்ற முறையில் அது நுஹ்மானுக்கு உரிய இடம். அவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். ஆனால் சம்பந்தி வீட்டார் மதிக்கட்டும் என்று ஸெய்னுலாப்தீன் அந்த இடத்தில் ஸக்கரியா ஹாஜியாரைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, "மச்சான், நீங்க நம்மட ஆள்தானே, அங்கால இரிங்க" என்று லொறிக்காரர்கள் இருந்த சஹனைக் காட்டினார். நுஹ்மான் அங்கால இருக்கவில்லை. சோற்றைத் தொடாமலே கையைக் கழுவினார். "இனி இந்த ஊட்டுச் சஹன்ல இந்தக் கை விழாது" என்று சொல்லிவிட்டு வீதியைக் கடந்து போய்விட்டார். பெண்கள் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆஸியாவும் பாதியில் எழுந்து அவர் பின்னால் போனாள். சஹனில் மற்றவர்கள் முடிக்கும் முன் எழும்பக் கூடாது என்று உம்மா அவளுக்கும்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஆஸியா அந்த வீட்டுப் படி ஏறவில்லை. எதிரே கடைக்கு மேல்மாடி ஜன்னலில் அவள் துணி உலர்த்துவதை ஸெய்னுலாப்தீன் தினமும் பார்ப்பார். அவர் பார்க்கும்போது அவள் உள்ளே போய்விடுவாள். முன்பெல்லாம் எந்த விருந்தானாலும் சோற்றில் கை வைத்ததும் "நானா, உப்புக் கொறயிது" என்று அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்ல அவள் இருந்தாள். யார் ஆக்கினாலும் சொல்வாள். அவள் போன பிறகு வந்தவர்கள் எல்லோரும் உப்புச் சரியாக இருக்கிறது என்றார்கள். ஸெய்னுலாப்தீனுக்கு அது பிடிக்கவில்லை. தங்கை இல்லாத விருந்து அவருக்கு ருசிக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் முதலில் வீதியைக் கடப்பது யார் என்பதில் இரண்டு பக்கமும் பிடிவாதம். வீதியோ ஒரு பஸ் போகிற அகலம்தான்.

விருந்து நாள் வந்தது. காலையில் மனைவி ஸரீனா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க. உள்ள ஒரு ஆள் கொறயிது."

ஆண்கள் சாப்பிட்டு முடிந்த பிறகு பெண்களும் உள்ளே சஹனில்தான் சாப்பிடுவார்கள். ஆஸியாவின் இடத்துக்கு இவ்வளவு காலமும் பக்கத்து வீட்டு பீபியைக் கூப்பிட்டுச் சமாளித்து வந்தாள் ஸரீனா. பீபி இன்றைக்கு மகளின் பிரசவத்துக்காக உக்குவெலைக்குப் போயிருந்தாள்.

"மொதல்ல வெளிய முடியட்டும்" என்றார் முதலாளி.

"வெளிய வாரவங்க சாப்பிட்டுட்டுக் கண்டிக்குப் போயிருவாங்க. உள்ள உள்ளவங்க எங்கயும் போகமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஸரீனா உள்ளே போனாள்.

கூடத்தில் மூன்று சஹன்களுக்குப் பாய் விரித்தாயிற்று. இரண்டு ஆட்டக்காரர்களுக்கு. மூன்றாவது ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேருக்கு. ஸக்கரியா ஹாஜியாரும் மற்ற ஐவரும் நேரத்தோடு வந்து தங்கள் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கப்புறம் பஸ் வந்தது. வீதியில் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. உயரமான, களைத்துப்போன மனிதர்கள் சீகிரியாவில் ஏறி இறங்கிய காலை நொண்டிக்கொண்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். வேகப்பந்து வீச்சாளர் வாசல் நிலையில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து வந்தார். முதலாளி ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொல்லிக்கொண்டே மனசுக்குள் எண்ணினார். பதினொன்றோடு நின்றுவிட்டது.

வெளியே போய் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். ட்ரைவர் மட்டும் இருந்தான்.

பன்னிரண்டாவது ஆளுக்கு வயிற்றுக்கோளாறு என்று அவன் சிங்களத்தில் சொன்னான். முந்திய நாள் இறால் சாப்பிட்டாராம். ஸஹாப்தீன் மாத்தயா அவரைக் கண்டியில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாராம். பதினொரு பேரில் யாருக்கு வயிறு வலித்திருந்தாலும் நாட்டுக்கும் நஷ்டம், மாத்தளைக்கும் நஷ்டம். எப்படியும் சஹன் மூளிதான். ஆனால் ஓடாமல் ஆடாமல் சும்மா இருந்த அந்த மனிதருக்கு இருந்ததே ஒரே வேலை, அதையும் செய்யவில்லையே என்று முதலாளிக்கு ஆத்திரமாக வந்தது.

ட்ரைவரை வந்து உட்காரச் சொன்னார். அவன் கடையில் சோற்றுப் பார்சல் எடுத்துச் சாப்பிட்டுவிட்டானாம். விருந்து பார்க்க வாசலில் நின்ற இராசமாணிக்கம் முதலாளியைப் பார்த்தார். புடைவைக்கடைக்காரர், நல்ல மனிதர், சிநேகிதர். ஆனால் முத்துமாரியம்மனுக்குக் கொடியேறியிருந்தது.

"விரதம் முதலாளி. மச்ச மாமிசம் தொட மாட்டேங்க. தேர் முடிஞ்ச பெறகு எத்தனாவது ஆளா வேணும்னாலும் வந்து ஒக்காருறேன்" என்றார் இராசமாணிக்கம்.

வீட்டுக்காரர் விருந்தாளி சாப்பிட்டு முடியும்வரை உட்கார முடியாது. பரிமாறுகிற வாலிபர்களை இழுத்து உட்கார வைத்தால் அது விருந்தாளியைக் கேவலப்படுத்துவது. முதல் சஹனில் ஆறு பேர் கூடியதால் மூடியைத் தூக்கியாயிற்று. இரண்டாவது சஹனில் வேகப்பந்து வீச்சாளர் உட்பட ஐந்து பேர், மூடிய சஹனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. விக்கெட் காப்பாளர் மரியாதையாகக் கையை நீட்டி மூடியைத் தொட்டுப் பார்த்தார். பரிமாறுகிற வாலிபன் அதைவிட மரியாதையாக அந்தக் கையை எடுத்துத் திரும்ப அவர் மடியில் வைத்தான்.

ஸக்கரியா ஹாஜியார் நிலைமையைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்தார். இன்னும் மூடி தூக்காத பெரியவர்கள் சஹனிலிருந்து எழுந்தார். ஆட்டக்காரர்கள் சஹனில் காலியாக இருந்த ஆறாவது இடத்துக்கு நிதானமாக நடந்துவந்து, உட்காருவதற்காக முழங்காலில் கை ஊன்றினார். மற்ற ஐந்து பெரியவர்களும் கூரையைப் பார்த்தார்கள்.

ஹாஜியார் இங்கே உட்கார்ந்தால் அங்கே ஐந்து. ஓட்டை ஒரு சஹனிலிருந்து இன்னொரு சஹனுக்குப் போகுமே தவிர அடையாது. கூப்பிடப்படாத ஒருவரை வெளியிலிருந்து கொண்டுவந்தால்தான் கணக்குச் சரியாகும். ஊரில் மரியாதைப்பட்ட ஆட்களில் கூப்பிடப்படாதவர் ஒருவர்தான் பாக்கி. ஸெய்னுலாப்தீனுக்கு இது தெரிந்தது. அதைவிட முன்னால் தெரிந்தது வேறொன்று. ஹாஜியார் முழங்காலில் கை ஊன்றிக் குனிகிற அதே காட்சியை, அதே கூடத்தில், அதே ஆறாவது இடத்தில் அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். அன்றைக்கு அவரே கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அன்றைக்கு நுஹ்மானின் முகம் எப்படிச் சுருங்கியது என்பது இவ்வளவு காலம் கழித்து இப்போதுதான் அவருக்குச் சரியாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"ஹாஜியார்" என்றார். "கொற நெனக்காதீங்க. அந்த எடம் என்ட மச்சானுக்கு."

கூடம் அடங்கிவிட்டது. முதல் சஹனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாகிஸ்தான்காரர்கள்கூட ஏதோ ஆட்டமிழப்பு என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எந்த மச்சான்?" என்றார் பாதி குனிந்த நிலையில் ஹாஜியார்.

"எனக்கு ஒரு மச்சான்தானே."

ஹாஜியார் நிமிர எடுத்துக்கொண்ட நேரத்தில் ஸெய்னுலாப்தீன் செருப்பைப் போட்டுக்கொண்டு வீதியைக் கடந்துவிட்டார்.

ஹாட்வெயார் கடையில் பாதிப் பலகை போட்டிருந்தது. பலகைக்குப் பின்னால் நுஹ்மான் நின்றார். வெள்ளிக்கிழமையும் இல்லை, பெருநாளும் இல்லை. ஆனால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தார். பலகை இடுக்கு வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததில் மூக்கில் தூசு ஒட்டியிருந்தது.

"ஒரு ஆள் கொறயிது" என்றார் ஸெய்னுலாப்தீன்.

"எண்ணினேன். பன்னண்டாவது ஆள் வரல்ல." நுஹ்மான் ஆணிப் பெட்டியைப் பார்த்துப் பேசினார். "அவரு சஹனுக்கு வார ஆள் இல்ல மச்சான். யாருக்காவது அடிபட்டா எறங்குவாரு. இல்லாட்டி தண்ணி கொண்டு போவாரு."

"அப்பிடியா?"

"அப்பிடித்தான். இப்ப என்னயத் தண்ணி ஊத்தவா கூப்பிட வந்தீங்க?"

"ஒக்காரக் கூப்பிட வந்தேன். அவங்கட சஹன்ல. ஆறாவது எடத்துல."

"அதுல ஹாஜியார் ஒக்காருவாரே."

"ஒக்காரத்தான் போனாரு. எழும்பச் சொல்லிட்டு வாரேன்."

நுஹ்மான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "எல்லாருக்கும் முன்னாலயா?"

"எல்லாருக்கும் முன்னால."

நுஹ்மான் ரேடியோவை அணைத்தார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, பலகையைத் தள்ளி வெளியே வந்தார். மேல்மாடி ஜன்னலில் திரை அசைந்தது. ஸெய்னுலாப்தீன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் உள்ளே போய்விடுவாள்.

கை கழுவிக்கொண்டு நுஹ்மான் ஆறாவது இடத்தில் உட்கார்ந்தார். ஐந்து பேரும் அவரைப் பார்த்தார்கள். இருபது வருஷ ரேடியோ அவர் தொண்டையில் திரண்டது. நல்ல இங்கிலீஷில், அறிவிப்பாளர் குரலில், "அனைவருக்கும் பகல் வணக்கம். வானம் தெளிவாக இருக்கிறது. ஆடுகளம் நல்ல நிலையில் இருக்கிறது. சிறந்த ஆட்டத்தை எதிர்பார்க்கலாம்" என்றார். மூடி தூக்கப்பட்டது.

ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்கள். வேகப்பந்து வீச்சாளர் காரமான மாசிக்கருவாட்டுச் சம்பலைக் காட்டி இது என்னவென்று கேட்டார். ஆரம்பத்தில் நேராக வரும், பிறகு கூர்மையாகத் திரும்பும், புதிதாக வருகிறவர் அவசரப்படக் கூடாது என்று நுஹ்மான் எச்சரித்தார். அவர் அவசரப்பட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஒன்றுமே விளங்காத ஊர்ப் பெரியவர்கள், சர்வதேச விஷயங்கள் பேசப்படுகின்றன என்று நினைத்து அமைதியாகச் சாப்பிட்டார்கள். ஹாஜியாரும் சாப்பிட்டார். கடைசியில் வைத்த இனிப்பான வட்டிலப்பத்தை மட்டும் தொடவில்லை. மாத்தளையில் வட்டிலப்பத்தைத் தொடாமல் எழும்புவது வக்கீல் நோட்டீஸுக்குச் சமம்.

ஆரம்ப ஆட்டக்காரர் ஒருவர் அந்தச் சஹனில் இருந்தார். மைதானத்தில் எப்படியோ சோற்றிலும் அப்படித்தான், எதற்கும் அவசரமில்லை. கடைசி ஆள் முடிக்கும்வரை மற்றவர்கள் எழும்பக் கூடாது. வேகப்பந்து வீச்சாளருக்குக் கால் மரத்துப்போய் முகம் கோணியது. நுஹ்மான் ஒன்றும் சொல்லாமல் தாம் ஒதுங்கி உட்கார்ந்து, அந்த நீண்ட கால் நீட்டிக்கொள்ள இடம் விட்டார். இதைத் தூரத்தில் நின்று பார்த்த ஸெய்னுலாப்தீனுக்கு மச்சானைப் பற்றிப் பெருமையாக இருந்தது. தங்கையை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

பஸ் கிளம்பியது. பெரியவர்களும் போனார்கள். வேகப்பந்து வீச்சாளர் குலுக்கிய கையைப் பார்த்தபடி வாசலில் நுஹ்மான் நின்றார்.

"மச்சான், கொஞ்சம் இருந்துட்டு…" என்று ஸெய்னுலாப்தீன் தொடங்கினார்.

"கட தொறந்து கெடக்கு" என்றார் நுஹ்மான். ஸலாம் சொல்லிவிட்டு வீதியைக் கடந்து போய்விட்டார்.

அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. ஸெய்னுலாப்தீன் வெறுங்கூடத்தில் பாயில் உட்கார்ந்தார். வந்தது நுஹ்மான் ஆட்டக்காரர்களுக்காக, தமக்காக இல்லை. கூப்பிட்டதும் சஹனுக்காகத்தானே, வேறென்ன எதிர்பார்ப்பது. பசி இருந்தது. ஆனால் ஒரு கவளமும் இறங்காது போலிருந்தது. உள்ளே பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. ஸரீனா, இரண்டு மகள்மார், ஹாஜியாரின் மனைவி மஸீனா, அவள் மருமகள். ஐந்து.

அப்போது உள்ளேயிருந்து மூடியைத் தூக்கி நிலத்தில் வைக்கும் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் அவருக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும்.

ஸெய்னுலாப்தீனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரு முழு நாட்டின் அணியைக் காக்கவைத்து, ஹாஜியாரை ஊருக்கு முன்னால் எழுப்பிவிட்டு, வீதியைக் கடந்து போய்க் காப்பாற்றிய சட்டத்தைச் சொந்த மனைவியே உள்ளே உட்கார்ந்து முறிக்கிறாள். எழுந்து போனவர், உள்ளே வெளிப் பெண்கள் இருந்ததால் திரைக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"ஆறு கை கூடாம யாரு மூடியத் தூக்கினது?"

உள்ளே பேச்சு நின்றது. யாரோ சோற்றை மென்று விழுங்குகிற அளவுக்கு நேரம் போனது. பின்கதவு திறந்து கிடந்து காற்றுக்கு ஆடியது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நானா" என்றது ஒரு குரல். "உப்புக் கொறயிது."

ஸெய்னுலாப்தீனுக்கு அழுகை வந்துவிட்டது. கூடத்துக்குத் திரும்பிப் போய், ஆட்டக்காரர்கள் சஹனுக்குப் பக்கத்தில் வைத்த உப்புக் கிண்ணத்தை எடுத்துவந்து, திரைக்கு அடியில் நீட்டினார். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.